தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலத்தில் இரத்தக் கீற்று: பசும்பால் ஒவ்வாமைதானா?

சிறுமலைச்சாரல் | மார்ச் 3, இரவு 11:40

வணக்கம். இதுவரை சமையல் பகுதியில் மட்டும் எழுதிக்கொண்டிருந்தவள் நான். இந்தப் பகுதிக்கு வருவேன் என்று நினைக்கவில்லை.

மகளுக்கு 10 வாரம். தாய்ப்பால் மட்டும்தான். பிறக்கும்போது 2.9 கிலோ, இப்போது 5.1 கிலோ. சிரிக்கிறாள், நன்றாகக் குடிக்கிறாள். ஆறு நாளாக மஞ்சள் மலத்தின் நடுவே சளி, அந்தச் சளிக்குள் சிவப்பு நூல் போல இரத்தம். நாளுக்கு ஒருமுறை, சில நாள் இரண்டு முறை. முதல் நாள் பார்த்தபோது துணியைக் கீழே போட்டுவிட்டேன்.

மருத்துவர் ஆசனவாயில் வெடிப்பு இல்லை என்றார். மலப் பரிசோதனையில் கிருமி இல்லை. "நீங்கள் சாப்பிடும் பசும்பால் காரணமாக இருக்கலாம். பால், தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மூன்று வாரம் கழித்து வாருங்கள்" என்றார். அவ்வளவுதான். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

வீட்டில் மாமியார், "பால் குடித்தால்தானே பால் சுரக்கும்? இது மாந்தம்" என்கிறார். வயிற்றில் சிக்கிய உணவை எடுப்பதாகச் சொல்வார்களே, அந்தத் தொக்கம் எடுக்க நாளைக் காலை கிளம்ப வேண்டுமாம். கணவரோ இரத்தப் பரிசோதனை எடுத்தால் தெரிந்துவிடப்போகிறது என்கிறார். நான் குடிக்கும் பால் அவளுக்கு எப்படிப் போகும்? பரிசோதனை தேவையா? தாய்ப்பாலையே நிறுத்த வேண்டி வருமா?

வெள்ளைச்சீருடை | மார்ச் 4, காலை 6:15

மகளே, குழந்தைகள் வார்டில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் இல்லை, அதை மனத்தில் வைத்துக்கொண்டு படி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தாய்ப்பாலை நிறுத்தாதே. 70 நாளில் 2.2 கிலோ ஏற்றியிருக்கிறாய். நாளுக்கு 30 கிராமுக்கு மேல் வருகிறது. அந்தப் பால் அவளுக்கு நன்றாகவே ஒட்டுகிறது.

நீ குடிக்கும் பாலின் புரதம் உன் குடலில் பெரும்பாலும் உடைந்து செரித்துவிடும். உடையாத துளி மட்டும் இரத்தத்தில் கலந்து தாய்ப்பாலுக்குள் வரும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குப் பெருங்குடலின் கடைசிப் பகுதி அதற்குச் சிவந்து, சளியும் இரத்தமுமாகக் கசியும். பிள்ளை பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கும், துணியைத் துவைக்கிறவளுக்குத்தான் உயிர் போகும்.

தொக்கம் விஷயம். தாய்ப்பாலைத் தவிர எதையும் விழுங்காத பிள்ளையின் வயிற்றில் எந்த உணவு சிக்கியிருக்கும்? தொண்டைக்குள் விரல் விட்டுக் கீறிய காயத்தோடு எங்கள் வார்டுக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்தவள் நான். மாமியாரிடம் சண்டை வேண்டாம். "மூன்று வாரம் பார்ப்போம் அத்தை" என்று தள்ளிப் போடு.

ஒன்று மட்டும் கவனம். விட்டு விட்டு வீறிட்டு அழுது காலை வயிற்றோடு மடக்கினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலம் சிவப்புக் களி போல வந்தாலோ, வயிறு உப்பினாலோ, காய்ச்சலோடு துவண்டாலோ மூன்று வாரக் கணக்கெல்லாம் செல்லாது, அந்த நிமிடமே கிளம்பு. குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் நோயிலும் மலத்தில் இரத்தம் வரும், அதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். பிறந்ததும் இரத்தக் கசிவைத் தடுக்கும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்றும் டிஸ்சார்ஜ் சீட்டில் பார்த்துவிடு.

பெரியகுளத்தான் | மார்ச் 4, காலை 9:02

எங்கள் தெருவில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்து வளர்ந்தன. பால் ஒவ்வாமை என்ற பெயரையே ஒருவரும் கேட்டதில்லை. பால் குடிக்காதே என்று பெற்றவளிடம் சொல்வது என்ன வைத்தியம்? தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வருவார்களே, ஒரு சங்கு கழுதைப்பால் புகட்டினால் எல்லாம் அடங்கும். பசும்பால்தான் பகை என்றால் தாய் வெள்ளாட்டுப்பால் குடிக்கலாம். காந்தியே வெள்ளாட்டுப்பால்தான் குடித்தார்.

இருமகளின் அப்பா | மார்ச் 4, காலை 10:30

காந்தி பத்து வாரக் குழந்தை இல்லை ஐயா.

சகோதரி, பரிசோதனை பற்றி உங்கள் கணவர் கேட்டதற்கு என் வீட்டுக் கதையே பதில். எனக்கு இரண்டு மகள்கள், இருவருக்கும் பால் ஒவ்வாமை. ஆனால் இருவருக்கும் வந்தது வேறு வேறு நோய்.

மூத்தவளுக்கு 7 மாதத்தில் முதல் தயிர்சாதம். இரண்டு கரண்டிதான் உள்ளே போயிருக்கும். பத்து நிமிடத்தில் வாயைச் சுற்றித் தடிப்பு, உதடு வீக்கம், பிறகு உடல் முழுவதும் திட்டுத் திட்டாகத் தடித்து, இருமலும் இழுப்பும் தொடங்கிவிட்டன. 108இல் ஏற்றிக்கொண்டு போனோம். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டதும் மூச்சு சீரானது. இது உடனடி வகை. ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தால் வருவது. சில நிமிடங்களில், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் இரத்தத்தில் ஐஜிஇ அளவும் இந்த வகைக்குத்தான் உதவும்.

இளையவளுக்கு உங்கள் மகளைப் போல இரத்தக் கீற்று. நானும் பிடிவாதமாகப் பரிசோதனை கேட்டேன். இரண்டுமே 'இல்லை' என்று வந்தன. ஒவ்வாமை இல்லையென்று கொண்டாடி, மனைவி மறுபடி பால் குடித்தாள், மறுபடி இரத்தம். இந்தத் தாமத வகையில் ஐஜிஇக்கு வேலையே இல்லை, அதனால் பரிசோதனைக்கு அது அகப்படாது. நிறுத்திப் பார்ப்பதும் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதும்தான் பரிசோதனை. நூறு உணவுகளுக்கு ஒரே குப்பி இரத்தத்தில் ஐஜிஜி என்ற வேறோர் எதிர்ப்புரதத்தைப் பார்த்துச் சொல்கிறோம் என்று விளம்பரம் வரும். அதில் பணத்தைப் போடாதீர்கள். அந்த ஐஜிஜி, குழந்தை எதைச் சாப்பிட்டது என்பதைத்தான் காட்டும்.

தேம்ஸ்கரை | மார்ச் 5, மாலை 4:48

கிழக்கு லண்டனில் குழந்தைகளுக்கான உணவியல் வல்லுநராக இருக்கிறேன். சொந்த ஊர் காரைக்குடி.

பெரியகுளத்து ஐயா சொன்னதைச் சிரித்து ஒதுக்க மாட்டேன், பாதி விஷயம் இருக்கிறது. கழுதைப்பாலின் புரத அமைப்பு மனிதப் பாலுக்கு ஓரளவு நெருக்கமானது. பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பலர் அதைத் தாங்கிக்கொள்வதாக இத்தாலியில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதில் கொழுப்பு மிகக் குறைவு, அதை மட்டும் குடித்துக் குழந்தை வளராது. தெருவில் கறந்து காய்ச்சாமல் சங்கில் புகட்டுவது இன்னும் ஆபத்து, பத்து வாரக் குழந்தைக்கு அதில் வரும் கிருமி ஒன்றே போதும்.

வெள்ளாட்டுப்பால் கதை வேறு. பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவும் ஒவ்வாது, இரண்டின் புரதமும் உடன்பிறப்புகள். எருமைப்பாலும் அதே குடும்பம். நாட்டு மாடு, ஏ2 பால் என்று யாராவது கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: ஏ2 பாலில் கேசின் புரதத்தின் ஒரு சிறு இடம்தான் மாறியிருக்கிறது, ஒவ்வாமைக்கு அது போதாது.

இனி நான் எழுத வந்தது. இரத்தக் கீற்று கண்ட எல்லாக் குழந்தைக்கும் பால் ஒவ்வாமை இல்லை. பலருக்கு எதையும் மாற்றாமலேயே நின்றுவிடுகிறது. பிரிட்டனில் 2006க்கும் 2016க்கும் இடையில், பால் ஒவ்வாமைக்கான சிறப்புப் பால்மாவுக்கு எழுதப்பட்ட மருந்துச்சீட்டுகள் கிட்டத்தட்ட 500 விழுக்காடு கூடின. குழந்தைகளின் குடல் பத்தே ஆண்டில் அப்படி மாறிவிடவில்லை, அழுகிற குழந்தை, கக்குகிற குழந்தை, சொறி வந்த குழந்தை எல்லாருக்கும் ஒரே பெயர் சூட்டப்பட்டது. ஐரோப்பாவில் 9 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து கவனித்து, பாலைக் கொடுத்துப் பார்த்தே உறுதி செய்த ஆய்வு 2015இல் வெளியானது. ஒவ்வாமை உறுதியானது 0.54 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய இருநூறில் ஒருவருக்கு.

ஆகவே சிறுமலை, மூன்று வாரம் நிறுத்துங்கள். அதன் பிறகு என்ன செய்வது என்று உங்கள் மருத்துவர் சொல்லவில்லை. அந்தப் பாதிதான் முக்கியம். அந்த நேரம் வரும்போது இங்கே எழுதுங்கள்.

சிறுமலைச்சாரல் | மார்ச் 9, மதியம் 2:20

அம்மா, அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. வைட்டமின் கே ஊசி போட்டிருக்கிறார்கள். தொக்கம் தள்ளிப்போயிற்று.

இன்று ஐந்தாம் நாள். பால், தயிர், மோர், நெய், காபி எதுவும் தொடவில்லை. ஆனாலும் நேற்று இரத்தம் இருந்தது. அப்படியானால் பால் காரணம் இல்லையா?

மோர்மிளகாய் | மார்ச் 9, மாலை 5:05

தோழி, ஐந்து நாள் போதாது. வீங்கிய குடல் ஆற ஒன்று இரண்டு வாரம் எடுக்கும். அதைவிட, நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருப்போம். நான் சாப்பிட்டேன்.

பிரசவ லேகியம் சாப்பிடுகிறீர்களா? அதில் நெய் மிதக்கும். பால் சுரக்கக் கொடுக்கும் பூண்டு எதில் வெந்தது? கடை ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் பால்பொடி இருக்கலாம். ஓட்டல் தோசைக்கல்லில் நெய் தோசையும் சாதா தோசையும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். கோயில் பொங்கல், பால்கோவா தெரியும், சாக்லேட்டும் தெரியும். வாழைக்காய் வறுவலோடு தொட்டுக்கொண்ட மோர்மிளகாய் எனக்குத் தோன்றவே இல்லை. மோரில் ஊறிக் காய்ந்த மிளகாய், அதை இந்தப் பெயரை வைத்துக்கொண்டிருக்கும் நானே மறந்தேன். பால் சுறாப் புட்டு மட்டும் தாராளமாகச் சாப்பிடுங்கள், அந்தப் பால் பெயரில் மட்டும்தான்.

பொட்டலத்தில் வருவதற்கு அட்டையைப் படியுங்கள். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு உணவு அட்டை விதிகளின்படி பால் கலந்திருந்தால் ஒவ்வாமைப் பொருள் என்று தனியாக அச்சிட வேண்டும். பால் என்ற சொல் இல்லாமல் 'வே', 'கேசினேட்' என்று மட்டும் பொருள் பட்டியலில் இருந்தாலும் அது பால்தான். பொட்டலம் இல்லாமல் விற்கும் இனிப்புக்கும் அடுமனைச் சரக்குக்கும் அட்டை கிடையாது, கேட்டுப் பயனும் இல்லை, விட்டுவிடுங்கள்.

சிறுமலைச்சாரல் | மார்ச் 9, மாலை 5:31

லேகியம்! காலையும் மாலையும் நெல்லிக்காய் அளவு. மாமியார் கையாலேயே கிண்டியது. நெய் உருக்கி ஊற்றியதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வெள்ளைச்சீருடை | மார்ச் 9, இரவு 8:10

நெய்யில் புரதம் மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் சோதித்துப் பார்க்கும் மூன்று வாரத்தில் அரைகுறை வைத்தால் கடைசியில் ஒன்றும் தெரியாது. லேகியத்தை நல்லெண்ணெய் மட்டும் விட்டுக் கிண்டச் சொல், அத்தைக்கு வருத்தமும் இருக்காது. நாட்களை இன்றிலிருந்து எண்ணு.

நீ மெலியக் கூடாது. பால் குடித்தால்தான் பால் சுரக்கும் என்பது இல்லை, பசு என்ன பாலா குடிக்கிறது? பிள்ளை உறிஞ்ச உறிஞ்சச் சுரக்கும். ஆனால் உன் எலும்புக்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டும், நாளுக்கு 1000 மில்லிகிராம் அளவில். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குமேல் இருக்கிறது. எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, முள்ளோடு மெல்லும் நெத்திலிக் கருவாடு எல்லாம் சேர். அதுவும் போதாது, கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டியும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள். காபிக்குப் பதில் சுக்குமல்லி, தயிர்சாதத்துக்குப் பதில் தேங்காய்ப்பால் சொதி.

வன்னிமகள் | மார்ச் 11, இரவு 9:55

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் உரையாடலை வாசித்தபோது எங்கள் மகனுக்கு நடந்ததையும் எழுத வேண்டும் போலிருந்தது. இதை ஒருவரும் இங்கே சொல்லவில்லை.

நான் ஆசிரியை. ஐந்தாம் மாதம் வேலைக்குத் திரும்பியபோது முதல் தடவையாகப் பால்மா கரைத்துக் கொடுத்தோம். அன்று ஒன்றுமில்லை. அடுத்த கிழமை கொடுத்தபோது இரண்டு மணித்தியாலம் கழித்து வாந்தி தொடங்கியது, பத்துத் தடவைக்கு மேல். பிள்ளை வெளிறிச் சாம்பல் நிறமாகித் துணி போலத் துவண்டுவிட்டது. தடிப்பு இல்லை, வீக்கம் இல்லை. வைத்தியசாலையில் இரத்தத்தில் கிருமி என்று நினைத்து ஊசி மருந்து ஏற்றினார்கள். குணமாகி வீட்டுக்கு வந்தோம், அம்மம்மா மறுபடி பால்மா கரைத்தார், மறுபடி அதே இரண்டு மணித்தியாலம். இரண்டாம் தடவை ஓர் இளம் வைத்தியர்தான், "குடித்து எவ்வளவு நேரத்தில் வாந்தி வந்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே விடை கிடைத்துவிட்டது. உணவுப் புரதத்தால் வரும் குடல் அழற்சி, எஃப்பைஸ் என்று சொன்னார்.

இப்போது புரதத்தை நன்றாகச் சிதைத்துச் செய்த சிறப்புப் பால்மா கொடுக்கிறோம். கைப்பு, ஒரு விதமான வாடை. முதல் நான்கு நாள் துப்பினான். மலம் பச்சையாகப் போகிறது. விலையோ சொல்ல முடியாது. 6 கிலோப் பிள்ளைக்கு 400 கிராம் பேணி மூன்று நாளைக்குமேல் தாங்காது. சோயா, பாதாம்பால், அரிசிக்கஞ்சி என்று மாற்றிவிடலாமா என்று கணவர் கேட்கிறார்.

தேம்ஸ்கரை | மார்ச் 12, மாலை 3:15

சகோதரி, முதலில் ஒரு விண்ணப்பம். எஃப்பைஸ் வந்த குழந்தைக்குப் பாலை வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள், ஒரு கரண்டிகூட. நரம்பு வழி நீர் ஏற்ற வசதியுள்ள மருத்துவமனையில், மருத்துவர் சொல்லும் காலத்தில் மட்டும்தான். இரத்தப் பரிசோதனை 'இல்லை' என்று வந்தாலும் அதை நம்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

பாதாம்பால், அரிசிக்கஞ்சி, தேங்காய்ப்பால், கேழ்வரகுப்பால் எதுவும் ஒரு வயதுக்குள் தாய்ப்பாலின் இடத்தைப் பிடிக்காது. புரதமும் கொழுப்பும் போதாமல் பிள்ளை வாடிவிடும். சோயா பால்மாவை ஆறு மாதத்துக்கு முன் தருவதில்லை. அதற்குப் பிறகு பலருக்குச் சரிவரும், விலையும் குறைவு. ஆனால் எஃப்பைஸ் குழந்தைகளில் சிலருக்குச் சோயாவும் அதே வாந்தியைக் கொண்டுவரும், உங்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். இலங்கையில் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவிலும் பால்மா உண்டு, மறக்க வேண்டாம். நீங்கள் தாய்ப்பாலும் கொடுக்கிறீர்கள் என்றால் மாலையிலும் இரவிலும் விடாமல் கொடுங்கள், பேணியும் நாள் பிடிக்கும்.

கடைக்காரர் எடுத்துக்கொடுக்கும் இரண்டு டப்பாக்களை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று 'பகுதி சிதைத்த' பால்மா. அதில் புரதம் பாதிதான் உடைந்திருக்கும், ஒவ்வாமைக்கு உதவாது. நன்றாகச் சிதைத்ததுதான் வேண்டும். அதுவும் பத்தில் ஒருவர் வரை ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அவர்களுக்கு அமினோ அமிலப் பால்மா. இன்னொன்று லாக்டோஸ் நீக்கிய பால்மா. பசும்பாலிலிருந்து செய்தது என்றால் சர்க்கரை போயிருக்கும், புரதம் அப்படியே இருக்கும். 100 மில்லி தாய்ப்பாலிலேயே ஏறத்தாழ 7 கிராம் லாக்டோஸ் இருக்கிறது, பசும்பாலைவிட அதிகம். லாக்டோஸ் பகையென்றால் தாய்ப்பாலே ஒத்துக்கொள்ளக் கூடாதே.

சிறுமலைச்சாரல் | மார்ச் 27, காலை 7:12

நல்ல செய்தி. மார்ச் 17க்குப் பிறகு இரத்தம் இல்லை. பத்து நாளாகத் துணி சுத்தம். எடை 5.8.

நேற்று மருத்துவரிடம் போனோம். இந்த முறை நேரம் கொடுத்தார். "இனி பாலைத் திரும்பத் தொடங்குங்கள், ஒரு வாரம் பாருங்கள்" என்றார். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. சரியாகிவிட்ட பிள்ளைக்கு மறுபடி ஏன் இரத்தம் வரவைக்க வேண்டும் என்று கணவர் கோபப்படுகிறார். உண்மையில் எனக்கும் மனம் ஒப்பவில்லை. பேசாமல் ஒரு வயது வரை பால் இல்லாமலேயே இருந்துவிட்டால் என்ன?

பெரியகுளத்தான் | மார்ச் 27, காலை 8:40

நின்றதை நின்றபடி விடு தாயி. எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவானேன்.

மோர்மிளகாய் | மார்ச் 27, காலை 11:25

ஐயா, நானும் அப்படி நின்றபடி விட்டவள்தான். ஏழு மாதம் விட்டேன்.

என் மகனுக்கு இரண்டரை மாதத்தில் இரத்தம் வந்தது. பாலை நிறுத்தினேன், நின்றது. பயத்தில் திரும்பத் தொடங்கவே இல்லை. பிறகு சொறி வந்தது, சோயாவை நிறுத்தச் சொன்னார்கள். பிறகு முட்டை, கோதுமை, கடலை. சோறும் மிளகு இரசமும் கேரட்டும் மட்டும் சாப்பிட்டு 9 கிலோ இறங்கினேன். கல்யாண வீட்டுக்குப் போவதில்லை, அம்மா வீட்டில் தண்ணீர்கூட டம்ளரை முகர்ந்துவிட்டுக் குடிப்பேன். களைத்துப் போய் ஏழாம் மாதம் தாய்ப்பாலையே நிறுத்தத் தீர்மானித்தேன். அந்த வாரம்தான் அண்ணன் மகள் கையிலிருந்த பால்கோவாவை இவன் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டான். இரவு முழுவதும் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் இல்லை. மறுநாளும் அடுத்த வாரமும் ஒன்றும் இல்லை. பிறகு மருத்துவர் சொன்னபடி முறையாகக் கொடுத்தபோதும் இல்லை.

அவனுக்கு ஒவ்வாமை எப்போதாவது இருந்ததா என்றே இன்று வரை எனக்குத் தெரியாது. இரண்டாவது வாரம் ஒரு டம்ளர் மோர் குடித்திருந்தால் தெரிந்திருக்கும்.

இருமகளின் அப்பா | மார்ச் 27, மதியம் 1:50

மோர்மிளகாய் சகோதரி எழுதியதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு வேலியோடு. சிறுமலைக்கு நாம் சொல்வதை வேறு யாராவது படித்து, தடிப்போ வீக்கமோ இழுப்போ வந்த குழந்தைக்கும் வீட்டிலேயே செய்துவிடக் கூடாது. என் மூத்தவளுக்கு மருத்துவமனையில், ஊசி கையில் தயாராக, சில துளியிலிருந்து தொடங்கித்தான் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வாமைக்கான தடிப்பு மருந்தை நாக்கில் விட்டுவிட்டுக் காத்திருக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், மூச்சு முட்டும்போது அட்ரினலின் ஒன்றுதான் மருந்து. பேனா வடிவ ஊசி நம் பக்கம் எளிதில் கிடைப்பதில்லை. அருகில் எந்த மருத்துவமனையில் இரவிலும் ஊசி போடுவார்கள் என்று விசாரித்துக் குறித்து வைத்திருக்கிறோம்.

தேம்ஸ்கரை | மார்ச் 27, மாலை 5:30

வேலி சரியான இடத்தில் போட்டிருக்கிறீர்கள்.

சிறுமலை, இப்போது உங்களிடம் இருப்பது பாதித் தீர்ப்பு. பாலை நிறுத்தினீர்கள், இரத்தம் நின்றது. ஆனால் அதே வாரங்களில் குழந்தைக்கு வயதும் கூடியது. தானாக நின்றிருக்கவும் கூடும். வயிற்று வலி அழுகையில் இதை இன்னும் நன்றாகப் பார்க்கலாம். ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும் அழுகைக்கு, அந்த நேரத்தில் எதை நிறுத்தினாலும் பலித்தது போல இருக்கும். கிரைப் வாட்டருக்கும் வசம்புக்கும் கிடைத்த நற்பெயரில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான்.

செய்முறை எளிது. குழந்தைக்கு நேரடியாக எதுவும் இல்லை, நீங்கள்தான் குடிக்கிறீர்கள். முதல் நாள் காபியில் சிறிது பால், பிறகு ஒரு கிண்ணம் தயிர், ஒரு வாரத்துக்குள் பழைய அளவு. அந்த வாரத்தில் வேறு புது உணவு, தடுப்பூசி, ஊர்ப்பயணம் எதையும் சேர்க்காதீர்கள், குழம்பிவிடும். இரத்தம் திரும்பினால் அன்றே நிறுத்துங்கள். இந்த வகையில் அந்தக் கீற்றினால் குழந்தைக்கு நிலையான கெடுதல் எதுவும் வராது. இரத்தம் திரும்பாவிட்டால் நீங்கள் விடுதலை.

சிறுமலைச்சாரல் | ஏப்ரல் 6, இரவு 10:18

மார்ச் 29 காலை காபி குடித்தேன். வெட்கமாக இருக்கிறது சொல்ல, முதல் வாயில் அழுதுவிட்டேன், அவ்வளவு ருசி. 30 ஒன்றுமில்லை. 31 தயிர், ஒன்றுமில்லை. ஏப்ரல் 1 இரவு சளி கூடியது. கணவர் "முட்டாள் தினம்" என்று சிரித்தார். ஏப்ரல் 2 காலை, அதே சிவப்பு நூல்.

நிறுத்திவிட்டேன். இன்று மறுபடி துணி சுத்தம். எனக்கே ஆச்சரியம், இந்த முறை கை நடுங்கவில்லை. மாமியார் துணியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு உள்ளே போய், டப்பாவில் மிச்சமிருந்த நெய்யைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மாந்தம் என்ற சொல்லை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அவளுக்கு 9 மாதம் ஆன பிறகு மறுபடி பார்க்கலாம், பெரும்பாலும் ஒரு வயதுக்குள் சரியாகும் என்று மருத்துவர் சொன்னார்.

வெள்ளைச்சீருடை | ஏப்ரல் 7, காலை 6:05

ஆறு மாதம் ஆனதும் திட உணவைத் தள்ளிப் போடாதே. கேழ்வரகு, பருப்பு, மீன், முட்டை எல்லாம் அந்தந்த வேளையில் ஒவ்வொன்றாகக் கொடு. பால் ஒன்றுதான் விலக்கு. கடையில் வாங்கும் குழந்தைத் தானிய உணவுகளில் பெரும்பாலும் பால்பொடி இருக்கும், அட்டையைப் பார். மாதம் ஒருமுறை எடை போடு.

சிறுமலைச்சாரல் | டிசம்பர் 2, மாலை 6:44

இழையை மேலே கொண்டுவருகிறேன். மகளுக்கு 11 மாதம் முடிந்தது, 8.9 கிலோ. ஏப்ரலுக்குப் பிறகு இரத்தம் ஒருமுறைதான், ஆடி மாதம் கூழ் ஊற்றிய இடத்தில் அதில் மோர் கரைத்திருந்தது தெரியாமல் நான் குடித்துவிட்டேன். மருத்துவர் இப்போது அவளுக்கே படிப்படியாகக் கொடுக்கலாம் என்கிறார். முதலில் பிஸ்கட் என்றார். ஏன் பாலே கொடுக்காமல் பிஸ்கட்?

தேம்ஸ்கரை | டிசம்பர் 3, மதியம் 2:37

பால் ஏணி என்று இதற்குப் பெயர். மாவோடு கலந்து அடுமனைச் சூட்டில் நெடுநேரம் வெந்த பாலில் வே புரதங்கள் உருக்குலைந்திருக்கும், கோதுமையோடும் பிணைந்திருக்கும். உடல் அவற்றை அடையாளம் காண்பது கடினம். ஆகவே பால் கலந்த பிஸ்கட் துண்டில் தொடங்கி, கேக், பால் ஊற்றிச் சுட்ட அப்பம், பன்னீர் அல்லது சீஸ், தயிர், கடைசியில் பால் என்று ஏறுவது. வெறுமனே அடுப்பில் பொங்கக் காய்ச்சிய பால் கீழ்ப்படியில் வராது. கேசின் சூட்டுக்கு அசையாது, மாவும் அங்கே இல்லை. ஒவ்வொரு படியிலும் சில நாள் நில்லுங்கள். இரத்தம் வந்தால் ஒரு படி இறங்கி நின்று, சில வாரம் கழித்து மறுபடி ஏறுங்கள். சளி, காய்ச்சல் உள்ள நாளில் புதுப்படி வேண்டாம்.

நம்பிக்கைக்கு ஒரு வரி: முன்பு நான் சொன்ன ஐரோப்பிய ஆய்வில், ஐஜிஇ இல்லாத வகைக் குழந்தைகள் அத்தனை பேரும் ஓராண்டுக்குப் பிறகு பாலைத் தாங்கினார்கள். ஐஜிஇ வகையில் 57 விழுக்காட்டினர்.

இருமகளின் அப்பா | டிசம்பர் 3, இரவு 9:20

என் மூத்தவள் அந்த மீதி 43இல் இருக்கிறாள், வயது நான்கு. இளையவள் தயிர்சாதம் சாப்பிடும்போது இவளுக்குத் தேங்காய்ப்பால் சாதம். இரண்டு தட்டுக்கும் வேறு வேறு நிறம்.

சிறுமலைச்சாரல் | ஜனவரி 14, இரவு 8:55

தயிர்ப் படியில் நிற்கிறோம், ஆறு நாளாகிறது, துணி சுத்தம். மாமியார் இன்று பொங்கலுக்கு இரண்டு பானை வைத்தார், ஒன்றில் பால் ஊற்றாமல்.

புதுவரவு 88 | ஜனவரி 15, காலை 10:10

வணக்கம், என் குழந்தைக்கும் பால் ஒத்துக்கொள்ளவில்லை, என்ன பால்மா வாங்கலாம்? அவசரம்.

வெள்ளைச்சீருடை | ஜனவரி 15, காலை 10:25

மூச்சுத் திணறலோ, வீக்கமோ, துவண்டுபோவதோ இருந்தால் எழுதுவதை விட்டுவிட்டு 108ஐக் கூப்பிடு. அப்படி எதுவும் இல்லையென்றால் தனி இழை தொடங்கு. பிள்ளையின் வயது, பிறந்தபோதும் இப்போதும் எடை, என்ன பால் குடிக்கிறது, குடித்து எவ்வளவு நேரம் கழித்து என்ன வந்தது, நான்கையும் எழுது. பால்மாவின் பெயரைப் பிறகு பேசலாம்.